நந்தவனம், கொல்லை, மாடி: திருமுல்லைவாயில் தோட்டங்களின் வரலாறு

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் திருமுல்லைவாயிலின் தோட்ட வரலாறு ஒரு கொடியில் தொடங்குகிறது. ஊர்க் கோயிலான மாசிலாமணீசுவரர் கோயிலின் தலமரம் முல்லை. குறும்பர்களை ஒடுக்கப் படையோடு வந்த தொண்டைமான் மன்னனின் யானை முல்லைப் புதரில் கால் சிக்கி நின்றது. அவன் வாளை உருவிக் கொடிகளை வெட்ட, உள்ளே மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்து குருதி வழிந்தது என்பது தலபுராணம். கதையின் முதல் பாதி பழமையானது. ஏழாம் திருமுறையில் உள்ள சுந்தரரின் பதிகத்திலேயே தொண்டைமானின் களிறு முல்லைக்கொடியில் கட்டுண்ட செய்தி வந்துவிடுகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரார் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று கொள்ளலாம். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு இன்றும் சன்னதிக்கு முன்னால் நிற்கின்றன. முல்லையும் எருக்கும் யாரும் நீர் ஊற்றாமல் தானாக வளர்பவை. ஊர் கழனியாவதற்கு முன் இருந்த புதர்க்காட்டைத்தான் கதை நினைவில் வைத்திருக்கிறது.

அதே பதிகம் ஊரைப் பாலியாற்றின் வடகரையில் வைத்துப் பாடுகிறது. இன்றைக்கு ஊரையொட்டி ஆறு கிடையாது. பாலாறு முன்னொரு காலத்தில் இப்போதைய தடத்துக்கு வெகு வடக்கே ஓடியது என்று புவியியலாளர்கள் கருதுவதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆறு விலகிய பிறகு நிலத்துக்கு நீர் தந்தவை ஏரிகள். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, புழல் என்று சுற்றிலும் ஏரிகள் அமைந்த இந்தப் பகுதியில் நெல்தான் முதற்பயிர். தோட்டம் என்பது நெல்வயலுக்கும் வீட்டுக்கும் இடையில் கிடைத்த மேட்டு நிலத்தில், கிணற்றுத் தண்ணீரை நம்பி நடந்த காரியம்.

தொண்டை நாட்டில் வீட்டையொட்டிய தோட்டம் எப்படி இருந்தது என்பதற்குக் கிடைக்கும் பழைய சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் அது. பாணர்கள் போகும் வழியில் தோட்டம் பயிரிடும் உழவர்களின் குடியிருப்பு ஒன்று குறுக்கிடுகிறது. தென்னங்கீற்று வேய்ந்த தனித்தனி வீடுகள், முற்றத்தில் மஞ்சள், வீட்டைச் சூழ மணம் வீசும் பூச்செடிகள். அங்கே விருந்தாளிக்குப் பலாவும் வாழையும் நுங்கும் கிழங்கும் கிடைக்கின்றன. பூ ஒரு பக்கம், காய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று அந்த முற்றம் பிரிக்கப்படவில்லை. எல்லாம் கலந்தே கிடக்கின்றன. வடசென்னையிலும் மேற்குப் புறநகரிலும் பழைய வீடு ஏதேனும் தப்பியிருந்தால் அதன் பின்பக்கம் இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

பூவை மட்டும் தனியே, ஒழுங்காக, பாத்தி கட்டி வளர்த்த இடம் கோயில் நந்தவனம். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடியபோது, திருப்புகலூர் முருக நாயனாரின் ஒரு நாள் நடப்பை விரிவாகவே சொல்லிவைத்தார். நாயனார் பொழுது புலருமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நான்கு வகைப் பூக்களையும் அவை அவிழும் பக்குவம் பார்த்துப் பறிக்கிறார். வெவ்வேறு கூடையில் இடுகிறார். வேளைக்கு ஏற்ற மாலையாகத் தொடுக்கிறார். மரத்திலும் கொடியிலும் குளத்திலும் தரையிலும் பூப்பவை எல்லாம் ஒரே தோட்டத்துக்குள் அமைய வேண்டும் என்றால் அதற்குத் திட்டம் வேண்டும், ஆள் வேண்டும், ஆண்டு முழுதும் நீர் வேண்டும். சோழர் காலத்தில் கோயில்களுக்கு நந்தவனப்புறமாக நிலம் விட்டதும், நீர் இறைப்பவருக்கும் பூப்பறிப்பவருக்கும் தொடுப்பவருக்கும் நெல் அளந்ததும் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

மேற்குப் புறநகருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு விசிறித் தொண்டு செய்தவரும் இராமானுசருக்கு மூத்தவருமான திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் பூவிருந்தவல்லி, அதாவது பூந்தமல்லி. அவர் ஊரில் பூத்தோட்டம் வைத்து, மாலை தொடுத்து, நாள்தோறும் காஞ்சிக்குக் கொண்டுபோனார் என்பது வைணவ மரபு. பூந்தமல்லிக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஐம்பது கிலோமீட்டர் அளவில் தொலைவு இருக்கிறது. நாள்தோறும் என்பது பக்தியின் கணக்கு என்றே வைத்துக்கொண்டாலும், இந்த மண்ணில் பூ வளர்த்து வெளியூருக்குக் கொடுக்கும் பழக்கம் பதினோராம் நூற்றாண்டிலேயே ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்று கொள்ளலாம்.

விரும்பிய செடியை விரும்பிய இடத்தில் நட்டுக்கொள்ளும் உரிமை அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருக்கவில்லை என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். பல்லவர் செப்பேடுகள் குவளை நடுவதற்கும் செங்கொடி என்ற மூலிகையை நடுவதற்கும் காணம், அதாவது வரி, விதித்ததைச் சொல்கின்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஊர் விட்டதைச் சொல்லும் ஆனைமங்கலம் செப்பேடு, தவனமும் மருவும் வெட்டிவேரும் செண்பகமும் செங்கழுநீரும் நட்டுக்கொள்ளலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், கிணறு தோண்டலாம் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுமதிக்கிறது. எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றாலே அனுமதி இல்லாதவர் நட முடியாது என்று பொருள். மணமும் மருந்தும் அரசின் கையில் இருந்தன. அவரையும் சுரையும் பூசணியும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக் கொல்லையில் சமையலுக்கான காய் முதலிடம் பிடித்ததற்கு வயிறு மட்டுமே காரணமில்லை போலும்.

கொல்லையின் நடுப்புள்ளி கிணறு. உறை இறக்கிய கிணறு, அதன் மேல் ராட்டினம், பக்கத்தில் துவைகல், அங்கிருந்து வழியும் தண்ணீருக்கு ஒரு சிறு வாய்க்கால். வாய்க்காலின் ஓரத்தில் வாழை, சேம்பு, கல்வாழை. கடைசியில் ஒரு தென்னை. பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் வாழையடியில்தான் போய்ச் சேரும். அதற்கென்று தனியாக யாரும் நீர் இறைத்ததில்லை. அடுப்புச் சாம்பல் அவரைக்கும் பூசணிக்கும் போகும், பூச்சி வராமல் இலைமேல் தூவவும் ஆகும். மாட்டுக் கொட்டிலை ஒட்டி எருக்குழி. பந்தலில் அவரையும் புடலையும். புடலம்பிஞ்சு சுருண்டுவிடாமல் இருக்க அதன் நுனியில் நூலால் கட்டித் தொங்கவிட்ட சிறு கல். கூரைமேல் சுரையும் பரங்கியும் படரும். வேலியில் ஆடாதொடையும் நொச்சியும்: ஆடு மாடு மேயாது, இருமலுக்கும் சளிக்கும் இலை கையெட்டும் தூரத்தில் கிடைக்கும். வாசல் பக்கம் துளசி, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி. தூதுவளையும் முடக்கத்தானும் யாரும் நடாமலே வேலியில் ஏறிவிடும்.

இந்த அமைப்புக்குக் கால அட்டவணை வகுத்தது மழை. சென்னைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடி மாதத்து மாலை இடிமழை சிறிதுதான், ஆனால் விதை முளைக்க அது போதும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியின் கணக்கு இதுவே: பெருமழை வருமுன் கொடி பந்தலேறி வேர் பிடித்திருக்க வேண்டும். ஆடிப்பெருக்கை ஒட்டி ஊன்றிய அவரை மார்கழியில் காய்த்து, பொங்கலன்று குழம்பில் மொச்சையோடு சேரும். பரங்கிப்பூ மார்கழி வாசலில் சாணப் பிள்ளையாருக்குக் கிடைக்கும். மழை ஓய்ந்த பிறகு கத்தரி, மிளகாய் நாற்றுகள். கோடையில் வெண்டை, முளைக்கீரை, ஏரி வற்றிய இடத்தில் வெள்ளரி.

விதை கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. நன்றாகத் திரண்ட ஒரு காயைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவைப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைத் தொடக் கூடாது என்று தெரியும். முற்றிக் காய்ந்த பீர்க்கையும் சுரையையும் அடுக்களையில் அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தினார்கள். பூசணி விதையைச் சாணத்தில் வைத்துச் சுவரில் வறட்டியாகத் தட்டிவிட்டால் பூச்சியும் எலியும் அண்டாது; விதைக்கும் நாளில் வறட்டியைப் பிட்டு அப்படியே குழியில் போட்டால் எருவும் சேர்ந்து போகும்.

ஆனால் கொல்லையில் நின்றவற்றில் பல செடிகள் விதையால் வந்தவை அல்ல. முருங்கை போத்து வெட்டி நட்டு வந்தது. வாழை பக்கக்கன்றால், கற்பூரவல்லியும் பசலையும் பொன்னாங்கண்ணியும் கிள்ளி நட்ட தண்டால், கற்றாழை அடிக்கன்றால், கறிவேப்பிலை பெரும்பாலும் தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பிய கன்றால் வந்தன. குண்டுமல்லி, முல்லை, சாதிமல்லி ஆகிய மூன்றையும் விதை போட்டு வளர்ப்பவர் இல்லை. குச்சியாகவோ பதியமாகவோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனால்தான் அவை அடுத்த வீட்டில் பூக்கும். இந்த ஊரில் இன்று வளரும் எந்த முல்லையும் எங்கோ ஒரு பழைய கொடியின் வெட்டுத்துண்டுதான்.

முல்லையைத் தாவரவியல் ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம், அதாவது காதுள்ள மல்லிகை, என்று அழைக்கிறது. இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரியும்: பெரிய இலையின் அடியில், இருபுறமும், மிகச் சிறிய இரண்டு சிற்றிலைகள் காதுமடல்போல ஒட்டியிருக்கும். சில இலைகளில் அவை உதிர்ந்து ஒற்றை இலை மட்டும் நிற்கும். மொட்டு பகலில் மூடியிருந்து மாலையில் அவிழும். பதியம் போடுவது எளிது, பொறுமைதான் வேண்டும். ஓராண்டு முற்றிய, பென்சில் பருமனுள்ள கிளையை ஒடியாமல் வளைத்து, மண்ணில் புதையும் கணுவுக்குக் கீழே பட்டையை விரற்கடை நீளம் சீவி, குழியில் அமுக்கி மண் மூடி, எழும்பாமல் மேலே ஒரு கல்லை வைக்க வேண்டும். நுனி வெளியே வெளிச்சத்தில் நிற்கும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் சீவிய இடத்தில் வேர் பிடிக்கும். பிறகு தாய்க்கொடிப் பக்கம் வெட்டிவிட்டு, உடனே பெயர்க்காமல் சில நாள் அங்கேயே விட்டு, அப்புறம் மண்ணோடு தோண்டி நடுவார்கள். வளைக்க முடியாத மாதுளை, எலுமிச்சைக் கிளையில் பட்டையை வளையமாக உரித்து, மண்ணையும் எருவையும் துணியால் பொதிந்து கட்டி, மேலே ஒரு பொத்தல் கலயம் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டார்கள். இந்த விண்பதியத்தை இப்போது தென்னைநார்க்கழிவும் பாலிதீன் தாளும் வைத்துச் செய்கிறார்கள்.

இந்த முறைகள் நூல்களிலும் ஏறியிருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் விருட்சாயுர்வேதத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. கிளையை வெட்டிச் சாணம் பூசி நட வேண்டிய மரங்கள் அதில் பெயர் பெயராக வருகின்றன. சுரபாலரின் விருட்சாயுர்வேத ஏடு ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருந்து நகலெடுக்கப்பட்டு 1996இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, அதிலுள்ள குணபஜலம் என்ற ஊட்டக் கரைசல் தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகளிடையே மறுபடி பேச்சுக்கு வந்தது. கொல்லையில் பதியம் போட்ட பெண்கள் இந்த ஏடுகளைப் பார்த்ததில்லை. ஏடு எழுதியவர்கள் கொல்லைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் கொல்லைக்குள் புதுக் குடிகள் நுழைந்தன. போர்ச்சுகீசியர் வழியாக வந்த மிளகாய், மிளகு இருந்த இடத்தைப் பிடித்தது. இரண்டே செடி போதும் ஒரு வீட்டுக்கு என்பதால் கொல்லையில் அதற்கு உடனே இடம் கிடைத்தது. பப்பாளி, கொய்யா, சீத்தா, தக்காளி ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்துச் சொத்துதான். இன்று பூசைக்கு எடுக்கும் துலுக்கச் சாமந்தியின் தாயகம் மெக்சிகோ.

1763இல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். திருமுல்லைவாயிலும் அதில் அடக்கம். அடுத்த சில ஆண்டுகளில் தாமஸ் பர்னார்டு என்ற அதிகாரி ஜாகீரின் ஊர்களை ஒவ்வொன்றாக அளந்து, ஏரி எவ்வளவு, நன்செய் எவ்வளவு, தோப்பும் தோட்டமும் எவ்வளவு, வீடு எத்தனை என்று கணக்கெடுத்தார். வரிக்காக எடுத்த கணக்கு அது. செடியின் மேல் ஆர்வத்தால் வந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த இவர் 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் ஒன்றை அமைத்தார். கொச்சினீல் என்ற சிவப்புச் சாயப் பூச்சியை வளர்ப்பது நோக்கம். கள்ளியின் மட்டையைக் கப்பல்காரர்களுக்குச் சொறிகரப்பான் வராமல் தடுக்கும் கறியாகவும் அவர் பரிந்துரைத்தார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. பல வழிகளில் இந்தியாவுக்கு வந்த சப்பாத்திக்கள்ளி நிலைத்தது. ஊர்தோறும் தோட்ட வேலியாக நட்ட கள்ளி வேலியைத் தாண்டி வயலுக்குள் புகுந்து, வெட்டியும் எரித்தும் அடங்காமல், கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து தருவித்த செதிற்பூச்சியால்தான் அடங்கியது. வேலிக்கென்று நடும் செடியைப் பற்றி இதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது. ஆனாலும் பின்னாளில் வேலிகாத்தான் விஷயத்தில் அதே கதை நடந்தது.

தாவரவியலாளரான மருத்துவர் ராபர்ட் வைட்டின் முயற்சியால் 1835இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கப்பட்டு, கதீட்ரல் சாலையில் அதற்குத் தோட்டம் அமைந்தது. விதை வரவழைத்துக் கொடுப்பது, கன்று விற்பது, பூக்கண்காட்சி நடத்துவது அதன் வேலை. துரைமார் பங்களாக்களின் தொட்டிச்செடியும் குரோட்டன்சும் காகிதப்பூவும் நகரத்து நடுத்தர வீடுகளுக்கு இறங்கி வந்ததில் இப்படிப்பட்ட தோட்டங்களுக்கும், அங்கே வேலை பழகிய தோட்டக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1868இல் சைதாப்பேட்டையில் அரசு மாதிரிப் பண்ணை வந்தது. அதையொட்டி எழுந்த வேளாண் கல்வி 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து பிற்காலத்தில் பல்கலைக்கழகமாயிற்று. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்தப் பக்கமாகத்தான் போனது. வயல்காட்டு ஊர்களுக்கு நகரச் சந்தை ஒரு மணி நேரத் தொலைவுக்குள் வந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் கொல்லைக்கு அரசியல் மதிப்பு கொடுத்தது. 1942இல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதியில் நகரத்தார் பெருந்தொகையாக வெளியூர்களுக்குக் கிளம்பினார்கள். உணவுத் தட்டுப்பாட்டில் அரசு அதிக உணவு விளைவிக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் பூங்காக்களைத் தோண்டி உருளைக்கிழங்கு நட்ட நேரம் அது. இங்கே காலி மனையிலும் பள்ளி மைதானத்திலும் காய்கறி போடச் சொன்னார்கள். கொல்லை வைத்திருந்தவர்களுக்கு அந்த உபதேசம் தேவைப்படவில்லை.

ஊர் அடையாளம் மாறியது அதன் பிறகுதான். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கியது, 1959இல் டன்லப் வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். சென்னையையும் திருவள்ளூரையும் இணைக்கும் சி.டி.எச். சாலைக்கு இருபுறமும் வயல்கள் மனைகளாகி, சரஸ்வதி நகர், தென்றல் நகர், வைஷ்ணவி நகர், மணிகண்டபுரம் என்று நகர்கள் முளைத்தன. ஒரு மனை, அரை மனை வாங்கி முன்னால் இரண்டு அறை கட்டி, பணம் சேர்ந்ததும் பின்னால் நீட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்த அந்த வீடுகளுக்குச் சுற்றிலும் மண் இருந்தது. வயல் மண், அடியில் நல்ல ஈரம், பத்துப் பதினைந்து அடியில் தண்ணீர். நாலாபக்கத்து மாவட்டங்களிலிருந்தும் குடியேறியவர்கள் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஈரத்துணியில் சுற்றி ஒரு பதியமோ போத்தோ கொண்டுவந்தார்கள். வேறு வேறு சாதி, வேறு வேறு பேச்சு. ஆனால் மதிலுக்கு மேலே கறிவேப்பிலைக் கன்றையும் கனகாம்பரக் குச்சியையும் நீட்டித்தான் பல தெருக்களில் பழக்கம் தொடங்கியது. விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்கக் கூடாது என்பது போன்ற பழைய கட்டுப்பாடுகளோடு, மணிபிளான்ட்டைக் கேட்காமல் ஒடித்துவந்து நட்டால்தான் தழைக்கும் என்ற புது நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. தோட்டக்காரர்களிடையே களவுக்குக் கிடைத்த ஒரே சாத்திர அனுமதி அது.

அந்த வீட்டுச் செடிகளை வைத்தே காலத்தைக் கணிக்கலாம். ஆரஞ்சு நிற டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காத வகை. தெரு முழுக்க அது இருந்தால் ஒரே வீட்டிலிருந்து குச்சி பரவியது என்று பொருள். பன்னீர் ரோஜாவும் அப்படியே. முருங்கையில் திருப்பம் 1989இல் வந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கையை விதை போட்டே வளர்க்கலாம், ஆறேழு மாதத்தில் காய்க்கும். அதுவரை கேட்டு வாங்கி நட்ட போத்து, அதன் பிறகு விதைப் பொட்டலமானது. கறுப்புப் பாலிதீன் பையில் கன்று வளர்க்கும் முறை பரவியதும் சாலையோர நர்சரிகள் பெருகின. ஆந்திரத்தின் கடியத்திலிருந்து லாரியில் செடி இறங்கியது. குண்டுமல்லிக் கன்றுக்கு மட்டும் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கம்தான் பேர்போனது. அங்கே மணல் நிலத்தில் குச்சி வேர்விடவைத்து மாநிலம் முழுதும் அனுப்புகிறார்கள். கைமாறிய செடி விலைமாறிய செடியானது. செடி கேட்டுப் போகும் சாக்கில் நடந்த பேச்சும் குறைந்தது.

தொண்ணூறுகளுக்குப் பின் கொல்லையை விழுங்கியது மனையின் விலை. பின்பக்கத்து மண்ணில் வாடகைப் போர்ஷன் எழுந்தது. பிறகு மனை முழுதும் அடுக்குமாடியானது. மிச்சமிருந்த இடத்தைக் கார் நிறுத்தவும் சகதி ஆகாமல் இருக்கவும் சிமெண்டு போட்டு மூடினார்கள். கிணறு தூர்ந்து, ஆழ்துளைக் கிணறு இறங்கியது. பாதாளச் சாக்கடை வந்த தெருக்களில் வாழைக்குப் போன தண்ணீர் குழாய்க்குள் போனது. 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது, பழைய கொல்லை தானாகச் செய்துகொண்டிருந்த வேலைக்குத் தனியாகக் குழி தோண்ட வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் வந்த வர்தா புயல் வீட்டு முருங்கைகளையும் வேப்பமரங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. சாய்ந்த இடத்தில் மறுபடி மரம் வைத்தவர்கள் குறைவு.

இடையில் பூச்சியும் தன் பங்குக்கு வந்தது. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்ட பப்பாளி மாவுப்பூச்சி ஓரிரு ஆண்டில் மாநிலம் முழுதும் செம்பருத்தி, பப்பாளி, கத்தரி எதையும் விடாமல் வெள்ளையாகப் பூசிவிட்டது. சோப்புக் கரைசல் அடித்தவர்களும் வேப்பெண்ணெய் அடித்தவர்களும் தோற்றார்கள். 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த அசிரோபேகஸ் என்ற நுண்குளவியை வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி விட்ட பிறகே அது தணிந்தது. கள்ளியை ஒரு பூச்சி அடக்கியதைப் போல இந்தப் பூச்சியை இன்னொரு பூச்சி அடக்கியது. வீட்டுச் செம்பருத்தி பிழைத்ததற்குக் குளவிதான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

மண் போன பிறகு மிஞ்சியது மொட்டை மாடி. மாடியில் தொட்டி வைப்பது புதிதல்ல. அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14 வாக்கில் நகரங்களுக்கென்று மாடித்தோட்டத் தளைகளை, அதாவது பொருள் தொகுப்புகளை, மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியபோது அது இயக்கமானது. 2021இல் இதே திட்டம் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் இணைந்தது. ஒரு தளையில் ஆறு வளர்ப்புப் பைகள், தென்னைநார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைகோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய், செய்முறைக் கையேடு ஆகியவை இருந்தன. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்தால் பல மடங்கு உப்பும். மண்ணைவிட எடை மிகக் குறைவு என்பதால் தளத்துக்குப் பாரமில்லை. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது: அதில் சத்து கிடையாது, உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை அலசாமல் நட்டால் நாற்று கருகும், தொழுவுரமோ மண்புழு உரமோ கலக்காவிட்டால் ஒரு மாதத்தில் இலை வெளுக்கும். ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுநீரை மிச்சம் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் பையில் உப்பை மேலும் சேர்க்கிறார்கள்.

மாடியில் விதைக்க நட்சத்திரம் பார்க்கும் கணக்கைவிட வெயில் கணக்கே முக்கியம். சித்திரை, வைகாசியில் தளத்தின் சூடு பைக்குள் ஏறும். பையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மேலே பச்சை நிழல்வலை கட்டியவர்களுக்குத்தான் கத்தரி தப்பும். செடியின் ஊட்டத்துக்கு, பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யத்தைக் கொடுமுடி மருத்துவர் நடராசன் பரப்பினார். லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவு இன்று மாடித்தோட்டக்காரர்களுக்கு மனப்பாடம். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013இல் மறைந்த பிறகு ஊர் ஊராக நடக்கும் விதைத் திருவிழாக்களில் சிறகு அவரையும் மூக்குத்தி அவரையும் குடுவைச் சுரையும் பத்து விதை, இருபது விதையாகக் கைமாறுகின்றன. வாட்ஸப் குழுவில் கேட்டால் உறையில் போட்டு அஞ்சலில் அனுப்புகிறார்கள். விதைக்காய் விட்டுவைக்கும் வழக்கம் இப்படி வேறு வழியாகத் திரும்பியிருக்கிறது. தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வரும் என்று சுகாதாரப் பணியாளர்கள் படியேறி வந்து பார்ப்பதும், கூரை ஒழுகும் என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பதும் இந்தக் காலத்துக்கே உரிய தொல்லைகள்.

அரசுத் தளையில் இருந்த விதைகள் காய்கறிக்கானவை மட்டுமே, பூவுக்கானவை இல்லை. முல்லை வேண்டுகிறவர் இன்னும் பதியத்தையோ நர்சரிக் குச்சியையோதான் தேடிப் போக வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாரிமுல்லையும் கோ.1, கோ.2 முல்லைகளும் வயலில் ஒன்றரை மீட்டர் இடைவெளி கேட்பவை. மாடியில் அரையடிப் பையில் நட்டால் கொடி ஓடும், பூ வராது. குறைந்தது ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள தொட்டி, ஏறிப் படரக் கம்பியோ கைப்பிடிச் சுவரோ, நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். குண்டுமல்லியை நவம்பர் கடைசியிலும் சாதிமல்லியை டிசம்பர் கடைசியிலும் முல்லையை ஜனவரி கடைசியிலும் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வது பல்கலைக்கழகப் பரிந்துரை. பூ புதுத் தளிரில்தான் வரும் என்பதால் வெட்டத் தயங்குகிறவர்களின் கொடி பச்சையாகவே நிற்கும். வெட்டி எடுத்த முற்றிய குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, அடிக்கணுவை வேர்விடும் தூளில் தொட்டு, ஈர மணலில் நிழலில் ஊன்றினால் அவற்றில் ஒரு பங்கு வேர் பிடிக்கும். பௌர்ணமியும் வெள்ளியும் கூடும் நாளில் மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் பார்க்க வரும் கூட்டத்துக்குக் திருமுல்லைவாயில் கோயில் அம்மனான கொடியிடை நாயகியின் சன்னதி வாசலில் விற்கும் முல்லைச்சரம் பெரும்பாலும் கோயம்பேடு சந்தையில் வாங்கி வந்தது.